பிள்ளைகளின் கைவழி வந்த அம்மைப்பால்



நம் இல்லங்களிலுள்ள முதியோரின் கையைப் பார்த்தால் காசளவான வட்டத் தழும்பு ஒன்று தென்படும். அது பெரியம்மைக்காக அம்மை குத்திய வடு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் அவ்வடு இல்லை. அதற்கு வேண்டுவதும் இல்லை. 1967-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் தீவிரப்படுத்திய முயற்சியினால் இந்தியாவில் அந்நோய் 1975-இல் அற்றது. உலகத்திலேயே அற்றுவிட்டதென்று 1980 மே மாதம் 8-ஆம் தேதி பறைசாற்றப்பட்டது. மக்களைப் பற்றும் கொடிய நோயொன்றை வேரோடு களைந்தது இஃதொன்றே.

இவ்வெற்றியின் சரித்திரத்தைப் பலரும் எழுதியுள்ளனர். அதனுள் அடங்கிய மற்றொரு சரித்திரம் அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. பனிக்கட்டிப் பெட்டியும் நுண்ணிய ஊசியும் இல்லாத காலத்தில் அம்மைப்பால் உலகைச் சுற்றி வந்தது குழந்தைகளின் கைகளிலேயாகும். ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்தைக் கீறி, அதில் ஊறிய நீரை அடுத்த குழந்தையின் கையில் இட்டே நூறாண்டுக் காலம் அதனைக் காத்தனர். அக்குழந்தைகள் யாவர்? அவர்களை அளிக்கச் சம்மதித்தவர் யாவர்? சம்மதம் கேட்கப்பட்டதா? 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய கொரோனாக் கொள்ளைநோய் நம் வீட்டுப் பிள்ளைகளைக் குறித்தும் இதே வினாக்களை எழுப்பிய காரணத்தால், இவற்றை ஆராய்வது நமக்குப் பயன்தருமென எண்ணுகிறோம்.

கைதியும் அநாதையும் அரசகுமாரியும்

பெரியம்மை தானாகக் கண்டால் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் வரை மாள்வர். பிழைத்தோருள் கண்ணிழந்தோர் பலர். அம்மை கண்டவரது கொப்புளத்துச் சீழைச் சுகதேகியின் தோலில் சிறிது கீறி இட்டால், நோய் பெரும்பாலும் இலேசாகக் கண்டு நீங்கும் என்பதைத் துருக்கியரும் வங்காள நாட்டு டீகாதார்களும் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் அவ்வாறு செய்ததனால் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறப்பதும் உண்டு. தன் கையாலேயே பிள்ளைக்கு நோயை ஊட்டி அதனால் பிள்ளை இறந்துவிடின் பெற்றவர் மனம் ஆறுமோ?

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இவ்வச்சத்தின் மறுபக்கத்தைக் கண்டவர். அவருடைய நான்கு வயது மகன் 1736-இல் பெரியம்மையால் மாண்டான். அவனுக்கு அம்மைச் சீழ் இடாமற் போனதை எண்ணித் தாம் வாழ்நாள் முழுதும் வருந்தியதாகத் தம் வரலாற்றில் அவர் எழுதி வைத்தார். செய்தாலும் வருத்தம் நேரலாம். செய்யாவிடினும் வருத்தம் நேரலாம். ஆதலின் அபாயம் குறைந்த வழியையே கொள்க என்பது அவர் பிற பெற்றோருக்கு விடுத்த அறிவுரை.

இம்முறையை இங்கிலாந்திற் பரப்பியவர் மேரி மாண்டேகு என்னும் சீமாட்டியார். துருக்கியில் ஸ்தானாபதியாயிருந்த கணவருடன் வாழ்ந்த காலத்தில், 1718-இல் தம் மகனுக்கு இதைச் செய்வித்தார். 1721-இல் லண்டனில் அம்மை பரவியபோது தம் மகளுக்கும் செய்வித்தார். அதைக் கேள்வியுற்ற இளவரசி காரொலின் தம் புதல்வியருக்கும் செய்விக்க விரும்பினார். ஆனால் முன்னதாகப் பிறரிடத்தில் சோதித்தறிய வேண்டுமென்று கருதினார். அதன்படி 1721 ஆகஸ்டு மாதத்தில் நியூகேட் சிறையிலிருந்த மரணதண்டனைக் கைதிகள் அறுவருக்குச் சீழ் இடப்பட்டது. பிழைத்தால் விடுதலை என்பது உடன்பாடு. அறுவரும் பிழைத்தனர். அடுத்தபடியாகத் தர்ம ஆதரவில் வளர்ந்த அநாதைக் குழந்தைகள் சிலருக்கு இடப்பட்டது. அவர்களுக்கும் தீங்கு நேரவில்லை. அதன் பின்னரே, 1722 ஏப்ரல் மாதத்தில், அரசகுமாரியர் இருவருக்கும் இடப்பட்டது.

இவ்வரிசையைச் சற்று நோக்குவோம். கைதிக்கு வேண்டாமென்று சொல்ல வாயாவது இருந்தது. அவன் பெறும் விடுதலையும் ஒன்றிருந்தது. அநாதைக் குழந்தைக்கு அவ்விரண்டும் இல்லை. சீமாட்டியார் தம் பிள்ளையையே முதலில் அளித்தார். அரண்மனையோ பிறர் பிள்ளைகளை முதலில் அளித்தது. இவ்விரண்டு வழிகளும் பின்வரும் சரித்திரம் முழுவதிலும் மாறிமாறித் தோன்றுவதைக் காண்போம்.

தோட்டக்காரன் மகன்

1796 மே மாதம் 14-ஆம் தேதி, பெர்க்லி என்னும் ஊரில் எட்வர்ட் ஜென்னர் என்ற வைத்தியர், ஸாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கையில் கண்டிருந்த பசுவம்மைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனுடைய கையில் இட்டார். ஜூலை மாதம் முதல் தேதியில் உண்மையான பெரியம்மைச் சீழையே அவனுக்கு இட்டுப் பார்த்தார். நோய் காணவில்லை. உலகைக் காத்த சோதனை இதுவே. அச்சிறுவன் ஜென்னருடைய தோட்டத்தில் வேலைசெய்த ஏழை ஒருவனின் மகன். எஜமானர் கேட்கும்போது வேலைக்காரன் எவ்வாறு மறுப்பான்?

ஜென்னரை ஈரமற்றவரென்று சொல்வதற்கில்லை. தம் மூத்த மகன் குழந்தையாயிருந்தபோதே அவனுக்குப் பன்றியம்மைச் சீழை இட்டுப் பார்த்தவர் அவர். பிப்ஸ் வளர்ந்து குடும்பியானபின் அவனுக்கு ஒரு வீடும் அளித்தார். எனினும் 1798-இல் அவர் சோதனையாகச் சீழ் இட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், ஏழைகள் தங்கும் தொழில்விடுதியில் வேறொரு காய்ச்சல் பற்றி இறந்தான். சோதனைக்குக் கிடைத்த பிள்ளைகள் எத்தகைய இடங்களில் வாழ்ந்தவர் என்பதை இதனால் உணரலாம்.

கடல் கடந்த 22 சிறுவர்

பசுவம்மை நீரை நூலில் தோய்த்தும் கண்ணாடித் தகடுகளின் இடையே உலர்த்தியும் அனுப்பினர். குளிர்ந்த நாடுகளில் அது சிலகாலம் கெடாதிருந்தது. வெப்பம் மிக்க கடல்களில் வீரியம் இழந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்த தன் குடிகளுக்கு அதனை அனுப்ப ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ் விரும்பியபோது, பால்மிஸ் என்னும் வைத்தியர் உயிருள்ள சங்கிலி ஒன்றை அமைத்தார். அம்மை இட்ட எட்டாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில் கொப்புளம் தெளிந்த நீரோடு நிற்கும். பிறகு கலங்கிப் பயனற்றுப்போம். ஆதலால் ஒன்பது பத்து நாட்களுக்கு ஒருமுறை இருவரிருவராகப் புதிய பிள்ளைகளுக்கு இட்டுக்கொண்டே செல்லவேண்டும். ஒருவனுக்குப் பிடிக்காவிடினும் மற்றவனுக்குப் பிடித்திருக்கும் என்பதற்காகவே இருவர். அவர்கள் முன்னர் அம்மை கண்டவராய் இருத்தலாகாது. ஆகவே சிறுவராகத்தான் இருக்கவேண்டும்.

1803 நவம்பர் மாதம் 30-ஆம் தேதி லா கொருன்யா துறைமுகத்திலிருந்து ‘மரியா பீத்தா’ என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் 22 அநாதைச் சிறுவர் இருந்தனர். மூத்தவனுக்கு வயது 9, இளையவனுக்கு 3. அவர்களைக் கண்காணிக்க அவ்வூர் அநாதை விடுதியின் தலைவி இஸபெல் ஸெந்தால் என்னும் மாதரசி உடன் சென்றார். கொப்புளத்தைச் சொறியாதிருக்கும்படி இரவும் பகலும் காப்பதும், கடல்நோயால் வாந்தியெடுத்த குழந்தைகளைத் தேற்றுவதும், காலத்துக்குமுன் ஒருவனோடொருவன் ஒட்டி நோய் மாறாதபடி பார்ப்பதும் அவருடைய வேலை. அச்சிறுவர் கூட்டத்தில் அவ்வம்மையாரின் மகனும் ஒருவன். தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளை எந்தக் கப்பலில் ஏற்றினாரோ அதே கப்பலில் தம் பிள்ளையையும் ஏற்றினார், தாமும் ஏறினார்.

அச்சிறுவருக்கு உணவும் உடையும் கல்வியும் அளித்து, பிழைக்க ஒரு வழி ஏற்படும் வரையில் அரசாங்கமே காக்கும் என்று அரசர் வாக்களித்தார். அக்காலத்து அது பெருந்தன்மையே. ஆனால் நிகழ்ந்தது என்ன? மெக்ஸிகோ நகரை அடைந்ததும் அப்பிள்ளைகள் ஏழைகள் விடுதியொன்றிற் சேர்க்கப்பட்டனர். அவர்களை அங்கே தக்கபடி பேணவில்லையென்று பால்மிஸே முறையிட நேர்ந்தது. தாய்நாட்டிற்கு அவர்கள் மீண்டிலர். கூபாத் தீவிலோ சிறுவர் கிடைக்காமையால், அடிமைப் பெண்கள் மூவரை விலைகொடுத்து வாங்கி அவர்கள் கையில் அம்மைப்பாலைக் கொண்டுபோயினர். 1805-இல் மெக்ஸிகோவிலிருந்து 26 சிறுவரோடு பிலிப்பைன் தீவுகளுக்குச் சென்றபோது, அப்பிள்ளைகளை எலிகள் திரியும் அழுக்குத் தளத்தில் நெருக்கிப் படுக்கவைத்தனர். கப்பல் ஆடும்போது ஒருவர்மேல் ஒருவர் உருண்டு அம்மை தானே மாறியது என்பதும் பால்மிஸின் முறையீட்டால் அறியப்படும்.

அப்பயணத்தால் காக்கப்பட்ட உயிர்களுக்குக் கணக்கில்லை. அதை மறுப்பார் அறிவிலார். ஆயினும் நன்மை பெரிதென்பதனாலேயே, அந்நன்மைக்குத் தோள்கொடுத்த பிள்ளைக்குச் செய்த வாக்கை மறக்கலாகுமா? இதுவே நாம் கேட்கவேண்டுவது.

நம் நாட்டிற்கு வந்த வழி

வியன்னா நகரிலிருந்து உலர்த்தி அனுப்பிய பசுவம்மை நீர் பாக்தாதில் உயிர்பெற்று, கைமாறிக் கைமாறிப் பஸ்ரா சேர்ந்து, கப்பல் வழியாக இன்று மும்பை எனப்படும் பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் மாதம் 14-ஆம் தேதி அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு அங்கே இடப்பட்டது; இந்தியாவில் முதலில் பிடித்தது அவ்வொரு குழந்தைக்கே. அவ்வாண்டு முடிவதற்குள் இலங்கைக்கும் சென்னைக்கும் சென்று சேர்ந்த அம்மைப்பால் யாவும் அக்குழந்தையின் கையிற் பிறந்த வழித்தோன்றலே. சென்னையிலிருந்து மீண்டும் கப்பலில், சிறுவர் கைமேலாகவே, அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவை அடைந்தது.

அதன்பின் அம்மை குத்துவோர் ஊர்தோறும் சென்றனர். சென்ற வாரம் அம்மை குத்திய ஒரு குழந்தையை, அதன் தாயுடன், அடுத்த ஊருக்கு அழைத்துப்போதல் வழக்கம். அக்குழந்தையின் கொப்புளத்தைக் கீறிப் பலருக்கும் இடுவர். கீறப்படும் குழந்தை வீறிட்டழும்; புண் ஆற நாட்செல்லும். தன் குழந்தையின் சாரமே உறிஞ்சப்படுவதாகத் தாய் அஞ்சுவாள். ஆதலின் வசதியுள்ளவர் எவரும் தம் குழந்தையை இதற்கு விட்டாரில்லை. சிறிது காசுக்கும் அதிகாரிக்கு அஞ்சியும் ஏழைகளே விட்டனர். அவர்களிலும் பெரும்பாலார் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்.

இங்கே நம்மவர் செய்ததைக் கூசாமற் கூறவேண்டும். மேற்குலத்தாரென்று தம்மை மதித்தோர் பலரும் அம்மை குத்துவோரிடம் கேட்ட கேள்வி, ‘இப்பால் எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்தது?’ என்பதே. அக்குழந்தைக்கு வலித்ததா, புண் ஆறிற்றா, அதற்குப் பால் வாங்கக் காசு கிடைத்ததா என்று கேட்டவர் அரியர். நம் மரபினர் மட்டும் இதற்கு விலக்காயிருந்தனர் என்று எண்ண இடமில்லை. நம் முன்னோர் பெரியம்மைக்குத் தப்பிப் பிழைத்து நம்மைப் பெற்றனரெனில், அவர்கள் தீண்டவும் கூசிய குழந்தைகளின் கைநீரே அவர்களைக் காத்தது. சங்கம் வைத்து நம் குலப்பெருமை பேசும் நாம், இக்கடனையும் உடன் பேசுவது தருமம்.

மறுத்த பெற்றோர்

அம்மை குத்த மறுத்தோரையெல்லாம் மூடரென்று தள்ளுதல் வழக்கம். அது முழு நியாயமன்று. மாரியம்மன் விளையாட்டென்று வேப்பிலை கட்டி, மருந்தை விலக்கி இருந்த இல்லங்களில் குழந்தைகள் வீணே மடிந்ததும் உண்மை. ஆனால் கையிலிருந்து கைக்கு இடும் முறையில் மெய்யான அபாயமும் இருந்தது. 1861-இல் இத்தாலி தேசத்து ரிவால்தா என்னும் ஊரில் ஒரு குழந்தையிடமிருந்து எடுத்த பாலால், அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளிற் பாதிக்கு மேற்பட்டோரைக் கிரந்திநோய் பற்றியது. இங்கிலாந்தில் 1853 முதல் சட்டம் கட்டாயப்படுத்தியது. மக்கள் எதிர்த்துக் கிளர்ந்தனர். 1898-இல் அரசாங்கம் இரண்டு காரியம் செய்தது: கையிலிருந்து கைக்கு இடுவதை நிறுத்திக் கன்றின் தோலில் வளர்த்த பாலுக்கு மாறியது; மனச்சாட்சியால் மறுக்கும் பெற்றோருக்கு விலக்கும் அளித்தது. நம் நாட்டில் 1880-இல் அம்மைகுத்தற் சட்டம் பிறந்தது. சென்னைக் கிண்டியில் 1899-இல் நிறுவப்பெற்ற கிங் நிலையத்தில் கன்றுகளிலிருந்து அம்மைப்பால் எடுக்கலாயினர். ஏழைக் குழந்தையின் கைக்கு விடுதலை கிடைத்தது அதன் பின்னரே. எனவே மறுத்த பெற்றோரின் அச்சமும் முறை திருந்துவதற்கு ஒரு காரணமாயிற்று என்க.

பெற்றோரை இணக்கச் சிலர் வேறு வழியும் தேடினர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் துரை, பசுவம்மையைச் சக்தியே தன்வந்திரிக்கு உபதேசித்தருளியதாகத் தமிழில் ஒரு கதை புனைந்தார். நோக்கம் நல்லது. ஆயினும் பிள்ளையின் உயிரைக் குறித்துத் தீர்மானிக்கும் தாயிடம் புனைகதையை உண்மைபோற் கூறுவது முறையாகுமா? ஏமாந்து சம்மதித்தவள் உண்மை வெளிப்படும் நாளில் மெய்யான மருந்தையும் நம்பமாட்டாள்.

நம் காலத்தில்

1952-இல் அமெரிக்காவின் ஜோனஸ் ஸால்க் இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்டபோது, முதலில் அதனை ஊனமுற்ற குழந்தைகளின் இல்லத்திலும் மனவளர்ச்சி குன்றியோர் விடுதியிலும் சோதித்தார். 1953-இல் தம் புதல்வர் மூவருக்கும் இட்டார். பழைய வரிசை அங்கும் தொடர்ந்தது காண்க. 1954-இல் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் பெருஞ்சோதனையிற் பங்குகொண்டனர். பெற்றோர் கையொப்பமிட்ட தாளில் ‘சம்மதிக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘வேண்டுகிறேன்’ என்னும் பொருளே இருந்தது. மறுவருஷம் ஒரு கம்பெனியின் மருந்தில் உயிருள்ள கிருமி தங்கிவிட்டதனால் ஏறக்குறைய 200 பேர் முடமாயினர். 10 பேர் இறந்தனர். தாமே வேண்டிக் கையொப்பமிட்டோம் என்று குழந்தையின் கட்டிலருகே நின்ற பெற்றோரின் நிலையை எண்ணிப் பார்க்கவும்.

இவ்வநுபவங்களால் உலகம் ஒன்று கற்றுக்கொண்டது. கொரோனாவில் வரிசை தலைகீழாயிற்று. 2020-இல் முதலில் தன்னார்வமுள்ள பெரியோரிடமே மருந்து சோதிக்கப்பட்டது. பிறகே வளர்ந்த சிறுவர், அதன் பின்னரே இளஞ்சிறார். நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட சிறுவருக்கு 2022 ஜனவரி 3-ஆம் தேதியும், 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16-ஆம் தேதியும் ஊசி தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனையில் சேர்க்கப்படும் பிள்ளைக்கு ஏழு வயது நிரம்பியிருப்பின், பெற்றோர் ஒப்புதலுக்கு மேலாக அப்பிள்ளையின் இசைவையும் பெறவேண்டும். ஜேம்ஸ் பிப்ஸிடம் எவரும் கேளாத கேள்வியை இன்று கேட்டே ஆகவேண்டும்.

ஆயினும் வேறுவிதத்தில் பிள்ளைகள் பாரம் சுமந்தனர். கொரோனா முதியோரையே மிகுதியாக வதைத்தது. அவர்களைக் காக்கும் ஏற்பாடுகளால் குழந்தைகளுக்குரிய சிகிச்சை பின்தள்ளப்பட்டது. 2021-இல் மட்டும் உலகில் இரண்டரைக் கோடிக் குழந்தைகள், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகியவற்றுக்குரிய தடுப்பூசியை முறைப்படி முழுமையாகப் பெறவில்லை. தாய்க்கு நோயெனின் பிறந்த சிசுவைப் பிரித்து வைத்த ஆஸ்பத்திரிகள் பல. பிரிக்கவேண்டா, தக்க காப்போடு தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தும் அவ்வாறே நடந்தது. அச்சத்தின் வேகத்தில், பேசத் தெரியாதவனின் பங்கே முதலில் குறைக்கப்படுகிறது.

நமது கடமை

நிற்க. இச்சரித்திரத்தால் நாம் கொள்ளத்தக்கது யாது? தடுப்பு மருந்தை வெறுத்தல் அன்று. அதனால் காக்கப்பட்ட சந்ததியே நாம். நம் குழந்தைகளுக்குரிய ஊசிகளில் ஒன்றும் தவறாமற் பார்த்தல் முதற்கடமை. எஞ்சியது, தந்தை தாய் அருகில் இல்லாத பிள்ளையைக் குறித்தது.

நம்முடையதைப் போன்ற சங்கங்கள் மாணவர் விடுதிகளை நடத்துகின்றன. தூரத்துச் சிற்றூர்களிலிருந்து ஏழைப் பிள்ளைகள் அங்கு வந்து தங்குகின்றனர். மற்றொரு கொள்ளைநோய் வருமாயின், அப்பிள்ளைகளுக்காகப் பேசுபவர் யார்? வசதி கருதி விடுதித் தலைவரே ஒரு தாளில் அனைவருக்குமாகக் கையொப்பமிடுவரோ? அது நேராதபடி இப்பொழுதே சில ஏற்பாடுகள் செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையின் தடுப்பூசி விவரமும், பெற்றோரை உடனே அணுகும் வழியும் விடுதியில் இருத்தல் வேண்டும். சிகிச்சைக்கோ சோதனைக்கோ பெற்றோர் ஒப்புதலைத் தாய்மொழியில், அபாயத்தையும் நன்மையையும் மறையாது கூறிப் பெறவேண்டும். அறியத்தக்க வயதுடைய பிள்ளைக்கும் விளக்கிச் சொல்லி அவன் மனத்தை அறியவேண்டும். உயிருக்கு உடனே ஆபத்தெனில் காத்திராமல் வைத்தியம் செய்தலே முறை; அதை முன்னரே பெற்றோருக்குச் சொல்லிவைத்தலும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் உரைகல்லாவது ஒரு வினாவே: ‘இதை என் பிள்ளைக்குச் செய்ய நான் ஒப்புவேனா?’ ஸ்பெயின் அரசர் வாக்களித்தார், அதிகாரிகள் மறந்தனர். இஸபெல் ஸெந்தால் தம் மகனையும் கையிற் பிடித்துக்கொண்டு கப்பலேறினார். நம் விடுதிகளின் தர்மகர்த்தர் ஒவ்வொருவரும் அம்மாதரசியின் வழி நிற்பாராயின், பெயர் தெரியாமற் போன அப்பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகும்.